படகுத்துறை வீடு: ஏரி வடிந்த நாள்

கடல் இல்லாத ஊரில் துறைமுகம் கட்டுகிறார்கள் என்றால் நம்புவீர்களா? பெங்களூரில் கட்டினார்கள். தொம்மலூருக்கு அந்தப் பக்கம், பழைய கண்டோன்மென்ட் தமிழர்கள் குடியிருக்கும் சின்னகெரே ஏரிக்கரையில் அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. வைத்திருக்கும் பெயர் 'ஹார்பர் ஹைட்ஸ்'. அந்தக் கட்டடத்துக்கும் ஏரிக்கும் நடுவில் நகராமல் உட்கார்ந்திருக்கிறதே ஒரு ஓட்டு வீடு, அதுதான் நம் பாஞ்சாலியின் வீடு.

வாராவாரம் படிப்பவர்களுக்கு எல்லாம் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாஞ்சாலியின் புருஷன் பச்சைமுத்து ஏரியில் வாடகைப் படகு விட்டவர். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை, அவர் படகு கவிழ்ந்து மிதந்தது. ஆள் கிடைக்கவில்லை. ஏரி கொண்டு போய்விட்டது என்று ஊர் முடிவு கட்டியது.

பாஞ்சாலிக்கு மட்டும் வேறொன்று தெரியும். அன்று காலை குளியலறைக் கொடியில் அவர் இடுப்பு வெள்ளி அரைஞாண் தொங்கியது. உயிரோடு இருக்கிற எந்த ஆம்பிளை அரைஞாணைக் கழற்றுவான்? பிணத்துக்குத்தானே அதை எடுப்பார்கள்? 'இந்த வீட்டுக்கு நான் செத்தவன்' என்று வாயால் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போயிருந்தார் மனுஷன். படகையும் அவரேதான் கவிழ்த்திருக்க வேண்டும்.

புருஷன் ஓடிப்போய்விட்டான் என்று நாலு பேரிடம் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. விடியற்காலையில் ஏரிக்குப் போனார், திரும்பவில்லை என்றாள். அரைஞாணைத் தையல் மிஷின் டிராயரில் துணிக்கு அடியில் போட்டுப் பூட்டினாள். ஆனால் பொட்டை அழி, தாலியைக் கழற்று என்று நாத்தனார் தனக்கோடி வந்து நின்றபோது மட்டும் மறுத்துவிட்டாள். "பாடியைக் காட்டுங்க அண்ணி, அப்புறம் கழட்டுறேன்" என்றாள். உயிரோடு இருக்கிறவருக்காகத் தாலி அறுத்தால் அவரைத் தன் கையாலேயே கொன்ற மாதிரி என்று அவளுக்கு ஒரு பயம். என்றைக்காவது வருவார் என்று ஒரு நப்பாசையும் இருந்தது, பாவம்.

அப்படியே பதினொரு வருஷம் ஓட்டிவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தச் சோற்றை இன்றைக்கு வாரி எடுக்கிறார்கள். ஹார்பர் ஹைட்ஸ்காரர்கள் ஏரியைத் தூர்வாரிப் புதுத் தண்ணீர் விடப் போகிறார்களாம். நாலு பம்பு செட்டு இராப்பகலாக ஓடி, அடிமட்டச் சேறு தெரிய ஆரம்பித்துவிட்டது.

பாஞ்சாலி விடிந்ததிலிருந்து கரையில் உட்கார்ந்திருந்தாள். காபிகூடக் குடிக்கவில்லை. 

சேற்றில் ஒன்றும் இல்லை என்றால் என்ன ஆகும்? 'அப்போ பச்சைமுத்து எங்க?' என்று ஊர் கேட்கும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஓடிப்போனவன் மகள் என்று ரக்ஷிதாவின் பெயர் கெடும். அவளுக்கு வைகாசியில் கல்யாணம். ஓசூர் மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் அம்மா போன வாரமே, "சம்பந்தியம்மா ஆரத்தி எடுக்கலாமா, கூடாதா? ஒண்ணு சுமங்கலின்னு சொல்லுங்க, இல்லேன்னா இல்லைன்னு சொல்லுங்க" என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டுப் போயிருந்தாள்.

"ஏ பாஞ்சாலி, மோராவது குடிடீ" என்று தனக்கோடி சொம்பை நீட்டினாள். தம்பிக்காக அந்த அம்மாள் அழாத அமாவாசை கிடையாது. "இன்னைக்கு எந் தம்பி கிடைச்சுடுவான் பாரு. கிடைச்சா அவனுக்கும் விடுதலை, உனக்கும் விடுதலை."

"கிடைக்கலைன்னா அண்ணி?"

"கிடைக்காம எங்க போவான்? ஏரி என்ன காவேரியா, அடிச்சிக்கினு போறதுக்கு?"

பாஞ்சாலி மோரை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். 

கரையின் மேல் ஷாமியானா போட்டு, வாடிக்கையாளர்களுக்கு வீடு காட்டிக்கொண்டிருந்தார்கள். காட்டுகிறவன் வேறு யாரும் இல்லை, பாஞ்சாலியின் மகன் தினேஷ்தான். டை கட்டியிருந்தான். அந்த வேலைக்கு அவன் போனதிலிருந்து அம்மாவும் பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது குறைந்துவிட்டது.

"சார், இந்த ஏரியாவுக்கு ஒரு ஹிஸ்டரி இருக்கு சார்" என்று அவன் அளந்துகொண்டிருந்தான். எதிரே திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் கோவிந்தராஜன், அவர் மனைவி வனஜா. "பிரிட்டிஷ் காலத்துல மிலிட்டரி ஆபீஸருங்க ஃபேமிலியோட ஈவ்னிங்ல படகு விட்ட இடம். பேரே படகுத்துறை. எங்க எம்.டி. அதைத்தான் ஹார்பர்னு வெச்சுட்டாரு. பால்கனியில நின்னீங்கன்னா தண்ணி, அந்தாண்ட பழைய சர்ச்சு. ஏர்போர்ட்டு இதோ, கூப்பிடு தூரம். சிட்டிக்குள்ள இந்த மாதிரி வியூ இனிமே யாருக்கும் கிடைக்காது சார்."

அடேயப்பா, என்ன சரித்திரம்! ஆபீசர்கள் படகில் உட்கார்ந்ததென்னவோ நிஜம். இடுப்பளவு சேற்றில் நின்று அந்தப் படகைத் தள்ளியவர் இதே தினேஷின் கொள்ளுத்தாத்தா. அந்தச் சரித்திரத்தை எந்த பால்கனியில் நின்று பார்ப்பது? பாஞ்சாலி கல்யாணம் ஆகிக் குடியாத்தத்திலிருந்து வந்தபோது, 'ஏரிக்கரைக்கா பொண்ணு குடுத்தே? கொசு தூக்கிக்கினு பூடுமேடா' என்று அவள் அப்பாவைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. அட்டையும் மலேரியாவும் இருந்த இடம். இன்றைக்கு அதற்கு அடிதடி.

வனஜா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஏங்க, தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த ஏரியில யாரோ ஒருத்தர் மூழ்கிட்டாராமே? பாடியே எடுக்கலையாமே?"

"யார் மேடம் சொன்னது?"

"ஆட்டோக்காரர் சொன்னாரு. காரியம்கூட நடக்கலையாம். எங்க மாமியார் கேட்டா இந்தத் தெருவுக்கே வர மாட்டாங்க. பால் காய்ச்சுற வீடு பாருங்க."

பாஞ்சாலி தலையைக் குனிந்துகொண்டாள். தினேஷ் ஒரு நொடி அம்மா பக்கம் பார்த்தான். அப்புறம் சிரித்த முகமாக, "அதெல்லாம் இன்னைக்கோட க்ளியர் ஆயிடும் மேடம். சாந்தி ஹோமம் வெச்சுத்தான் சாவியே குடுப்போம்" என்றான். எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறான் என்று பாஞ்சாலிக்கு அப்போது உறைக்கவில்லை.

வெயில் ஏறியது. நடு ஏரியில் சேறு வாரிக்கொண்டிருந்த ஆட்கள் திடீரென்று கூச்சல் போட்டார்கள்.

"ஏ, எலும்பு! எலும்பு இருக்குது!"

தனக்கோடி "ஐயோ என் ராசா!" என்று மாரில் அடித்துக்கொண்டு எழுந்தாள். கரையே திரண்டது. பாஞ்சாலியும் எழுந்தாள். எலும்பா? எப்படி இருக்கும்? யாருடையது?

சாக்கில் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். நாலைந்து கறுத்த துண்டுகள். மாட்டு எலும்போ மனுஷ எலும்போ, அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். அந்த ஏரியில் எதைத்தான் போடவில்லை ஜனங்கள்? ஆனால் எலும்போடு சேறு அப்பிக்கொண்டு இன்னொன்றும் இருந்தது. மேஸ்திரி அதைத் தண்ணீரில் அலசித் தூக்கிக் காட்டினான். வெயிலில் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. வெள்ளி அரைஞாண்.

"எந் தம்பிது! எந் தம்பிதுதான்! கோதுமை மணி மாதிரி முறுக்குப் பின்னல் வெச்சுக் கல்யாணத்துக்கு எங்கப்பா போட்டது!" என்று தனக்கோடி அலறினாள். பெண்கள் எல்லாரும் ஒரே குரலாக அழுதார்கள்.

பந்தோபஸ்துக்கு வந்திருந்த கான்ஸ்டபிள் வெங்கடராமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கன்னடக்காரர், ஆனால் இந்தத் தெருவில் புழங்கிப் புழங்கித் தமிழும் வரும். "நோடி அம்மா" என்று அரைஞாணைப் பாஞ்சாலி முகத்துக்கு எதிரே நீட்டினார். "இது உங்க யஜமானரு, உங்க வீட்டுக்காரருதா? சரியாப் பாத்துச் சொல்லணும். நீங்க ஹௌது, ஆமான்னு சொன்னா நான் ரிப்போர்ட் கொடுத்துடுவேன். ஸ்டேஷன்ல அவர் கதை முடிஞ்சுது."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? பாஞ்சாலி அந்த நிலையில் நின்றாள். நிஜ அரைஞாண் அவள் வீட்டில், பூட்டிய டிராயரில் இருக்கிறது. இது அவருடையது அல்ல. ஆனால் 'இல்லை' என்றால், 'உனக்கு எப்படித் தெரியும்?' என்பார்கள்.

'ஆமாம்' என்றால் எல்லாம் தீர்ந்தது. பதினொரு வருஷத்துப் பொய் இன்றோடு நிஜமாகிவிடும். மகள் கல்யாணம் நடக்கும். வீடு பச்சைமுத்து பேரில் இருக்கிறது. அவர் செத்ததற்குச் சர்டிபிகேட் வந்துவிட்டால் விற்கலாம், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு ஃப்ளாட் கிடைக்கும். ஒரே ஒரு தலையாட்டல்தான். அதற்கு விலையாக, எங்கேயோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறவருக்காகத் தாலியைக் கழற்ற வேண்டும்.

ரக்ஷிதா கால் சென்டரில் பாதி வேலையில் லீவு சொல்லிவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்திருந்தாள். அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு, "சொல்லிடும்மா" என்று அழுதாள். "அப்பா கிடைச்சுட்டாரு. நீ ஆமான்னு சொல்லிடு. அவங்க வீட்டுல தினம் தினம் கேக்குறாங்கம்மா. எனக்குப் பதில் சொல்லி முடியலை."

தனக்கோடி அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்ணை விரட்டினாள். "மஞ்சள் கரைச்சுச் சொம்புல எடுத்தாடீ. இத்தனை வருஷம் தள்ளிப்போன காரியம், இன்னைக்கே எல்லாத்தையும் சேத்து முடிச்சுடலாம். கல்யாணத்துக்கு முன்னாடி தீட்டு கழியணும்."

பாஞ்சாலி மகனைத் தேடினாள். தினேஷ் மூன்று பேருக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவின் எலும்பு கிடைத்ததென்று ஊரே அழுகிறது, பெற்ற பிள்ளை ஒரு அடி முன்னால் வரவில்லை. பத்து மாசம் சுமந்தவளுக்கு அது போதாதா?

"ஒரு நிமிஷம் சார்" என்று கான்ஸ்டபிளிடம் சொல்லிவிட்டு, மகன் கையைப் பிடித்து ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"எந்த ஆசாரிகிட்டடா பண்ணே?"

"என்னம்மா பேசுறே?"

"நடிக்காதே. உங்கப்பா அரைஞாண் எங்கிட்ட இருக்குது. போன அன்னைக்கே கழட்டிக் கொடியில மாட்டிட்டுப் போனாரு. அவரு ஏரியில வுழலடா. எனக்குத் தெரியும். நான்தான் உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன்."

தினேஷ் டையைத் தளர்த்திக்கொண்டு ஷெட்டின் தகரத்தில் சாய்ந்தான். "அப்போ உனக்குத் தெரியுமா?" என்றான். "அய்யோ, உனக்குத் தெரியுமா? நான் ரெண்டு மாசமா மென்னு முழுங்க முடியாம செத்துக்கினு இருக்கேனே!"

பாஞ்சாலி அவன் சட்டையைப் பிடித்தாள். "உனக்கு எப்படிடா தெரியும்?"

"பாத்தேன்."

"யாரை?"

"அவரைத்தான். ஓசூர் ரோட்டுல, ஹெப்பகோடியில. நம்ம கம்பெனி சைட்டு ஒண்ணு அங்க இருக்குதுன்னு போனேன். வழி தெரியாம ஒரு ஃபேக்டரி கேட்டுல நிறுத்திக் கேட்டேன். செக்யூரிட்டி யூனிபாரத்துல அப்பா நிக்கிறாரு. பேட்ஜுல சாமிநாதன்னு பேரு. என்னைப் பாத்ததும் தொப்பியை இழுத்து மூஞ்சை மறைச்சாரு பாரு, அதுலயே புரிஞ்சுபோச்சு."

பாஞ்சாலி ஷெட்டுக்குப் பக்கத்தில் கிடந்த செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தாள். இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். ஒரு நிமிஷம் அவளுக்குச் சந்தோஷமே வந்துவிட்டது, அசடு! பொட்டு வீண் போகவில்லை என்று நினைத்தாள். அடுத்த கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

"கூட யாரு?"

தினேஷ் பம்பு செட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சொல்லுடா."

"ஒரு அம்மா. ஒரு பொண்ணு. ஸ்கூலுக்குப் போவுது."

பம்பு செட்டு இரைந்துகொண்டே இருந்தது. கரையில் தனக்கோடியின் ஒப்பாரி விட்டு விட்டுக் கேட்டது.

"வீட்டை விக்க ஒரு கையெழுத்துப் போடு, அது போதும்னு கேட்டேன்மா" என்றான் தினேஷ். "ரெஜிஸ்டர் ஆபீசுக்கு வந்தா ஹெப்பகோடியில இருக்குறவங்களுக்குத் தெரிஞ்சுடும்னாரு. திடீர்னு என் காலைப் புடிச்சுட்டாரு. பெத்த அப்பன் என் கால்ல விழுறாரு, நான் என்ன பண்ணுவேன்? என்னைச் செத்தவனாவே வெச்சுக்குங்கடா, அம்மாவைக் காரியத்தைப் பண்ணி முடிச்சுக்கச் சொல்லுன்னாரு."

"என்னது?"

"காரியத்தை முடிச்சுக்கச் சொன்னாரு."

"என் தாலியைக் கழட்டச் சொன்னாரா?"

தினேஷ் முகத்தைப் பொத்திக்கொண்டான். "நீயும் அசிங்கப்படக்கூடாது, ரக்ஷிதா கல்யாணமும் நிக்கக்கூடாதுன்னுதான் நான் இதைச் செஞ்சேன். வீட்டுக்காகவும்தான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். சின்ன வயசுல பாத்த ஞாபகத்துல அந்த முறுக்கை ஆசாரிகிட்ட சொல்லி அடிச்சு, சேத்துல போட வெச்சேன். நீ போய் ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா. அவரே வேணாம்னுட்டாரு. நீ ஏன் இன்னும் தூக்கிக்கினு அலையுறே?"

பாஞ்சாலி அழவில்லை. அழுகை எல்லாம் ஒரே மூச்சில் ஆவியாகிப் போனதுபோல இருந்தது. இத்தனை வருஷமும் வெள்ளிக்கிழமை தவறாமல் தாலிக்கு மஞ்சள் பூசியது, நோன்புச் சரடு கட்டியது, கல்யாண வீடுகளில் குங்குமம் கொடுக்கும்போது கூட்டத்துக்குப் பின்னால் போய் ஒளிந்தது, எல்லாம் யாருக்காக? அவர் சாகக்கூடாது என்பதற்காக. அவரோ செத்ததாகச் சொல்லிக்கொள்ளுங்கள் என்று காலில் விழுகிறார்! அவளுக்குக் கோபம் வந்தது. பதினொரு வருஷம் வராத கோபம் மொத்தமாக வந்தது.

எழுந்து நேராகக் கரைக்குப் போனாள். தனக்கோடி மஞ்சள் சொம்போடு தயாராக நின்றாள். கான்ஸ்டபிள் பேனாவைத் திறந்தார்.

"ஹேளம்மா. யஜமானருதா?"

"இல்லீங்க சார்."

கான்ஸ்டபிள் பேனாவை மூடினார்.

"இது என் புருஷன் எலும்பும் இல்ல, அரைஞாணும் இல்ல. அவரு ஏரியில வுழவே இல்ல. உயிரோடதான் இருக்காரு. என்னை வுட்டுட்டுப் போயிட்டாரு. அன்னைக்கே எனக்குத் தெரியும். வெக்கப்பட்டுக்கினு ஏரி மேல பழியைப் போட்டேன்."

தனக்கோடியின் கையிலிருந்த சொம்பு நழுவிப் புடவையெல்லாம் மஞ்சளானது. "என்னாடீ சொல்றே? எந் தம்பி இருக்கானா? இருக்கானா?" என்று அவள் பாஞ்சாலியின் மோவாயைப் பிடித்து உலுக்கினாள். அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்று அந்த அம்மாளுக்கே தெரியவில்லை. இரண்டையும் செய்தாள்.

ரக்ஷிதா, "போச்சு, எல்லாம் போச்சு" என்று அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். அவள் கையில் செல்போன் அடித்தது. ஓசூர் நம்பர். எடுக்காமல் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷாமியானாவில் கோவிந்தராஜன் மனைவியைப் பார்த்து ஏதோ கேட்டார். வனஜா வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு பாஞ்சாலியையே பார்த்தாள்.

"அது சரி" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "வுட்டுட்டுப் போனவனுக்கு எதுக்கு இன்னும் தாலி?"

"நல்லாக் கேட்டே" என்றாள் பாஞ்சாலி. "நான் கழட்ட மாட்டேன். நீங்களும் தொடாதீங்க. கட்டுனவன் இருக்கான் இல்ல? அவன் கையாலயே அவுக்கட்டும். டேய் தினேஷு, வண்டியை எடு. ஹெப்பகோடிக்குப் போவலாம்."

தினேஷ் குறுக்கே வந்து நின்றான். "அம்மா, வேணாம்மா. இப்போ அவரு டூட்டியில இருப்பாரு. பத்து பேரு வந்து போற கேட்டு."

"இருக்கட்டும்" என்று பாஞ்சாலி புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஸ்கூட்டரை நோக்கி நடந்தாள். "கேட்டுல யாரு வந்தாலும் பேரு என்ன, யாரைப் பாக்கணும்னு கேக்குறதுதானே அவன் வேலை? என்னையும் கேக்கட்டும்."